கட்டை அவிழ்த்த பிறகு: கடும் மனநோய் உள்ளவர்களைக் கட்டிவைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல வார்டில் பல வருடம், பிறகு வீடுதேடிப் போய்ப் பார்க்கும் குழுவில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வார்டில் நானும் ஆட்களைக் கட்டியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் படிப்பவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. குடும்பத்தினரும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்சுகளும், அட்டெண்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

கட்டிவைப்பது என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

சங்கிலி, கயிறு, காலில் மாட்டும் மரக்கட்டை, வெளியிலிருந்து பூட்டிய அறை. இவை பார்த்ததுமே தெரியும். கட்டிலோடு மணிக்கட்டையும் கணுக்காலையும் பிணைக்கும் வார், கைகளை மார்பின் குறுக்கே மடக்கி, நீண்ட சட்டைக்கையின் நுனியை முதுகுக்குப் பின்னால் கட்டும் சட்டை, எழுந்திருக்க முடியாதபடி முன்னால் பலகை போட்ட நாற்காலி, நான்கைந்து பேர் சேர்ந்து தரையில் அமுக்கிப் பிடிப்பது, இவையும் அதில் சேர்த்திதான்.

சந்தேகம் வந்தால் நான் ஒன்றைக் கேட்டுப் பார்ப்பேன்: அந்த ஆள் தானாக அதைக் கழற்றிவிட்டு எழுந்துபோக முடியுமா? முடியாது என்றால் அது கட்டு. எவ்வளவு மெத்தென்ற துணியில் தைத்திருந்தாலும் கட்டுதான். வார்டு நோட்டில் ‘கட்டினோம்’ என்று யாரும் எழுதுவதில்லை, ‘பாதுகாப்புக்காக நிலைப்படுத்தப்பட்டார்’ என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் கட்டிய ஆளே கிடையாது, கவனித்தீர்களா?

அவிழ்த்துவிட்டால் அடிப்பார், ஓடிவிடுவார். கட்டாமல் வேறு என்ன செய்ய முடியும்?

இந்தப் பயம் பொய்யல்ல. பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தவரை, நள்ளிரவில் ரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றவரை, அம்மாவின் கையை முறித்தவரை நான் பார்த்திருக்கிறேன். ‘அன்பு காட்டினால் சரியாகிவிடும்’ என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்லும்போது அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்.

எனவே குடும்பத்திடம் நான் ‘ஏன் கட்டினீர்கள்’ என்று கேட்பதில்லை. ‘இந்தச் சங்கிலி உங்களுக்கு என்ன வேலை செய்கிறது’ என்று கேட்பேன். வீட்டுக்கு வீடு பதில் வேறுபடும். ஒரு வீட்டில் அது காவல்காரன்: எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் அது தூக்கம்: சங்கிலி இருந்தால்தான் அப்பா ராத்திரி நான்கு மணி நேரமாவது கண்ணயர முடியும். வேறொரு வீட்டில் அது அக்கம்பக்கத்தாருக்குக் காட்டும் ஜாமீன். பெண்ணாக இருந்தால், வெளியே போனால் யாராவது எதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயமும் காரணமில்லாமல் வருவதில்லை. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைத் தாக்குவதைவிடத் தாக்கப்படுவதே அதிகம்.

சங்கிலி செய்துகொண்டிருக்கும் வேலை எது என்று தெரிந்துவிட்டால் அந்த வேலையை வேறு யார் செய்யலாம் என்று பேச முடியும். தெரியாமல் பூட்டை மட்டும் உடைத்தால் அடுத்த வாரம் புதுப் பூட்டு வரும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு முப்பது வயது இருக்கும். கணுக்காலில் சங்கிலி, மறுமுனை ஜன்னல் கம்பியில். சங்கிலி கழிவறை வாசல்வரை எட்டும், வீட்டு வாசலுக்கு எட்டாது. நீளத்தை அம்மாவே அளந்து வாங்கியிருந்தார். சாவி அவர் இடுப்பில். கணுக்காலில் இரும்பு உரசாமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றி, அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்து மாற்றிக்கொண்டிருந்தார். அந்தத் துணியைப் பார்த்த பிறகு அவரைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஒரு தாளில் இருபத்துநான்கு கட்டம் போட்டு அவரிடம் கொடுத்தோம். ‘எந்த மணியில் பையன் உங்களைப் பயமுறுத்துகிறானோ அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போடுங்கள், அம்மா.’ இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள். வேலைக்குப் போன மற்றவர்கள் திரும்பி வந்து, டிவி போட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் பொழுது. மகனுடைய காதில் ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருந்த குரல்களோடு இந்தச் சத்தமும் சேர்ந்துவிடும். இரண்டு மணி நேரத் தொந்தரவுக்கு இருபத்துநான்கு மணி நேரக் கட்டு. முதலில் காலை நேரத்துச் சங்கிலி போனது. அந்த மாலை நேரத்தில் அவரை வெளியே நடக்க அழைத்துப் போக ஒரு சித்தப்பா சம்மதித்தார். மாதம் ஒருமுறை போடும் ஊசி தொடங்கியது. இரவுச் சங்கிலி கடைசியாகத்தான் போனது, ஏழெட்டு வாரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை பின்வாங்கினோம்.

கட்டினால் உடம்புக்கு என்ன ஆகிவிடும்?

ஆள் சாகலாம். முகம் கீழே இருக்கும்படி அமுக்கி, முதுகில் எடை வைத்தால் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நிற்கும். ‘மூச்சு முட்டுகிறது’ என்று அவர் கத்தினால் ‘கத்த முடிகிறது அல்லவா, அப்படியானால் மூச்சு இருக்கிறது’ என்று நினைப்பவர்கள் மருத்துவமனைகளிலேயே உண்டு. அது தப்பு. உள்ளே இழுக்கும் காற்று போதாத நிலையிலும் கொஞ்ச நேரம் பேச்சு வரும்.

பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அவிழ்த்து எழுந்து நின்ற அந்த நிமிடத்திலேயே விழுந்து இறந்தவர்கள் உண்டு. கட்டோடு மல்லாடிக்கொண்டே இருந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இறுக்கிக் கட்டினால் கை நரம்பு அடிபட்டு விரல் மரத்துப்போகும். இத்தாலியில் 2009-இல் ஒரு பள்ளி ஆசிரியர் எண்பது மணி நேரத்துக்கும் மேல் கட்டிலோடு கட்டப்பட்டு இறந்தார். மருத்துவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் 1998-இல் ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட் நாளிதழ் தோண்டி எடுத்த கணக்கு, பத்து வருடத்தில் 142 மரணங்கள். அதுவரை அங்கே நாடு முழுவதற்கும் சேர்த்து இதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தீ இன்னொரு ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் கூரை பற்றியெரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் இருந்தார்கள். ஓட முடியாதவருக்குக் கதவு திறந்திருந்தும் என்ன லாபம்?

மருத்துவமனைகளிலேயே கட்டுகிறார்களே, அப்படியானால் அது சிகிச்சைதானே?

இல்லை. கட்டுவது மனநோயைக் குறைக்கும் என்று காட்டிய ஆய்வு கிடையாது. கடும் மனநோயில் கட்டுவதற்கும் தனியறையில் அடைப்பதற்கும் பயன் உண்டா என்று 2000-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு தேடியபோது முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூடச் சிக்கவில்லை. தீங்குக்குச் சான்று இருக்கிறது. கட்டப்பட்டவர்களிலும் தனியறையில் அடைக்கப்பட்டவர்களிலும் நால்வரில் ஒருவர் முதல் ஏறக்குறைய பாதிப் பேர் வரை பிறகு, நடந்தது திரும்பத் திரும்ப மனதில் வந்து வாட்டும் அதிர்ச்சி நோய்க்கு (PTSD) ஆளாகிறார்கள் என்று 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது.

முதன்முதலில் சங்கிலியை அவிழ்த்தது பினேல்தானே?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான். பாரிஸில் மருத்துவர் ஃபிலிப் பினேல் பெரிய மனிதராக நின்று கையசைக்க, பணியாட்கள் சங்கிலியைக் கழற்றும் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் சங்கிலியை உண்மையில் எடுத்தவர் ழான் பாப்திஸ்த் புசான், வார்டு மேற்பார்வையாளர். டாக்டர் படிப்பு இல்லை. கழுத்தில் கட்டிவரும் காசநோய்க்காக அதே மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்து, பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். பினேல் அப்போது பெண்கள் மருத்துவமனைக்கு மாறிப் போயிருந்தார். புசானின் பங்கைப் பினேலே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஓவியர்கள்தான் கேட்கவில்லை. இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் வின்சென்சோ கியாருஜி என்ற மருத்துவர் இவர்களுக்கும் சில வருடம் முன்பே சங்கிலியை விலக்கியிருந்தார். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புசான் இரும்பை எடுத்த இடத்தில் வந்தது கைகட்டும் துணிச் சட்டை.

எனக்கு இவர்களைவிட முக்கியமாகப் படுவது இங்கிலாந்தின் லிங்கன் நகரக் கதை. 1829-இல் அங்கிருந்த மனநல விடுதியில் இரவில் கட்டிலோடு கட்டிப்போடப்பட்ட ஒரு நோயாளி காலையில் செத்துக் கிடந்தார். நிர்வாகம் ஒரு விதி போட்டது: இனி இரவில் யாரைக் கட்டினாலும் ஒரு பணியாள் அந்த அறையிலேயே கூட இருக்க வேண்டும். கட்டக் கூடாது என்று சொல்லவில்லை, ஆள் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆள் உட்கார்ந்ததும் கட்டே தேவைப்படாமல் போயிற்று. ராபர்ட் கார்டினர் ஹில் என்ற மருத்துவர் அங்கே பொறுப்புக்கு வந்து, 1838-க்குள் கட்டுவதை முற்றிலும் நிறுத்தினார். அதைப் பார்த்துவிட்டு வந்த மருத்துவர் ஜான் கானலி, லண்டன் பக்கத்து ஹான்வெல் மருத்துவமனையில் 1839 ஜூனில் சேர்ந்து, சுமார் 800 நோயாளிகள் இருந்த இடத்தில் செப்டம்பருக்குள் கட்டுகளை ஒழித்தார். மனநோய்க்கு உருப்படியான முதல் மருந்தான குளோர்புரோமசின் வந்தது 1952-இல். அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால் இது நடந்திருக்கிறது.

இன்னொருவர் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா. 1961-இல் இத்தாலியின் கொரித்சியா மனநல விடுதிக்கு இயக்குநராகச் சேர்ந்த புதிதில், முந்தின இரவு கட்டப்பட்டவர்களின் பட்டியலைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். ‘நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று தன் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டார். அவர் தொடங்கிவைத்த இயக்கம்தான் 1978 மே மாதம் இத்தாலியில் மனநல விடுதிகளையே மூட வழிசெய்த 180-ஆம் எண் சட்டத்தில் போய் நின்றது. அதே நாட்டில்தான் 2009 மரணமும். சட்டம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

இன்றைய நெருக்கடியான மருத்துவமனையில் கட்டாமல் நடத்துவது நடக்கிற காரியமா?

ஐஸ்லாந்தில் 1930-களில் ஹெல்கி தோமாசன் என்ற மருத்துவர் கட்டும் கருவிகளை ஒழித்தார். அந்த நாடு பிறகு அதற்குத் திரும்பவில்லை. ‘சின்ன நாடு’ என்பீர்கள். சரி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளைப் பாருங்கள். 1990-க்கும் 2000-க்கும் இடையில் கட்டுவது ஆயிரம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) 3.5 தடவையிலிருந்து 1.2 ஆகக் குறைந்தது. ஒருமுறை கட்டினால் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் நீடித்துவந்தது, அது இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. தனியறை அடைப்பு 4.2-லிருந்து 0.3. ஊழியர்களுக்குக் காயம் கூடவில்லை.

எப்படி என்றால், மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை கட்டியதும் மேலதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். கணக்கு எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும். மறுநாள் உட்கார்ந்து ‘எந்த நிமிடத்தில் இது கைமீறியது’ என்று பேச வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் அப்படி உட்கார்ந்தபோது வெளியே வந்த காரணம் ஒரு போன் கால். நோயாளி காலையிலிருந்து வீட்டுக்குப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு சிஸ்டர் ‘அப்புறம்’ என்றார், இன்னொருவர் ‘டாக்டர் சொல்லட்டும்’ என்றார், மூன்றாமவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நாற்காலி பறந்தது. நோட்டில் நாற்காலி மட்டும்தான் இருந்தது, நான்தான் எழுதினேன்.

பிரிட்டனில் லென் பவர்ஸ் குழு உருவாக்கிய ‘சேஃப்வார்ட்ஸ்’ முறை இந்தப் போன் கால் மாதிரி சில்லறை விஷயங்களைத்தான் குறிவைக்கிறது: ‘முடியாது’ என்பதை எப்படிச் சொல்வது, கெட்ட செய்தி வரும்போது முன்கூட்டியே பக்கத்தில் இருப்பது, ஷிஃப்ட் மாற்றும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஏதாவது நல்லதைச் சொல்வது. 15 மருத்துவமனைகளில் 31 வார்டுகளில் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மோதல்கள் 15 சதவீதமும், கட்டுவது, அடைப்பது போன்ற அடக்குமுறைகள் 26 சதவீதமும் குறைந்தன. பூஜ்யம் ஆகிவிடவில்லைதான். ஆனால் ஒரு வார்டுக்கு இதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஆட்பற்றாக்குறையையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி ட்யூட்டியில் அறுபது பேருக்கு இரண்டு பேர் என்று வைத்துவிட்டு நர்சுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதில் அர்த்தமில்லை.

ஒருவர் கண்முன்னே கிளர்ந்துபோய் நிற்கிறார். அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

ஒரே ஒருவர் பேசுங்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சுற்றி வளைத்து நிற்பதைப் பார்த்தாலே அமுக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு கை நீளம் இடைவெளி விடுங்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்கும் வழி வேண்டும், உங்களுக்கும் வேண்டும். உங்கள் கைகள் அவர் கண்ணில் படட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ‘வாங்க, போங்க’ என்றே பேசுங்கள். வார்டில் அறுபது வயதுக்காரரையும் ‘வாடா’ என்று கூப்பிடும் பழக்கத்தால் தொடங்கிய சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

சின்னச் சின்ன வாக்கியம். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். குரல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் வார்த்தை நாலாவது தடவைதான் உள்ளே போகும். ‘என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்’ என்றால் ‘அதெல்லாம் உன் கற்பனை’ என்று வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். ‘ரொம்பப் பயமா இருக்கு போல. நான் இங்கேயேதான் இருக்கேன்’ என்றால் போதும். டிவியை அணையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்புங்கள். செய்ய முடிகிற இரண்டைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: உள்ளே உட்காரலாமா, வெளியே நடக்கலாமா?

கையில் கத்தியோ கல்லோ இருந்தால் இந்த உபதேசம் எல்லாம் அப்புறம். மற்றவர்களை வெளியேற்றுங்கள், நீங்களும் விலகி நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டால் கட்டவே வேண்டாமே?

நோயைக் குணப்படுத்தும் அளவு வேறு, ஆளைச் சாய்க்கும் அளவு வேறு. இரண்டாவது மருந்தால் போட்ட கட்டு. எழுந்து நடக்க முடியாமல் எச்சில் ஒழுகக் கிடப்பவரைக் காட்டி ‘இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று சொல்லும் இடத்தில் சங்கிலி வெறுமனே இடம்மாறியிருக்கிறது. அவசரத்துக்கு ஊசி தேவைப்படும் நேரம் உண்டு. போட்டால் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுபடியும் ஆள்தான்.

வயதான அப்பா ராத்திரியில் திடீரென்று குழம்பிப்போய் உடம்பில் மாட்டிய குழாயைப் பிடுங்குகிறார். கட்டலாமா?

திடீரென்று என்றால் அது மனநோயாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மூச்சில் ஆக்சிஜன் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தினமும் குடித்துக்கொண்டிருந்த மதுவை நிறுத்தியது: இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். கட்டினால் குழப்பம் கூடும். கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள், அந்தக் குழாய் உண்மையிலேயே வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டால் போதாதா?

இந்தோனேசியாவில் மரக்கட்டையில் காலை மாட்டி வைப்பதற்கு ‘பாசுங்’ என்று பெயரே உண்டு. 1977-இலேயே அரசு அதற்குத் தடை போட்டது. 2016-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு போய்ப் பார்த்தபோது, அந்த நாட்டில் சுமார் 57,000 பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது கட்டப்பட்டோ அடைக்கப்பட்டோ இருந்தார்கள் என்பதும், ஏறக்குறைய 18,800 பேர் அப்போதும் அந்த நிலையில் இருந்தார்கள் என்பதும் அவர்கள் எடுத்துச்சொன்ன கணக்கு. அதே அமைப்பு 2020-இல் சுமார் 60 நாடுகளில் இந்தப் பழக்கத்தைப் பதிவு செய்தது.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியாவின் 2017 மனநல பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மற்ற வகைக் கட்டுகளை, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீட்டாமல் மட்டுமே அனுமதிக்கிறது. தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ கட்டக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. பிரிட்டனில் 2010-இல் சேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் மருத்துவமனையில் போலீஸ்காரர்களால் அமுக்கப்பட்டு இறந்தார். பெற்றோர் விடாமல் போராடியதன் பலன் 2018-இல் வந்த சட்டம். மனநல வார்டுகளில் பலப்பிரயோகம் நடந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது அது. இவையெல்லாம் கேள்வி கேட்கிறவர் கையில் ஒரு பிடி. மாத்திரை கிடைக்காத ஊரில் அந்தப் பிடியை வைத்துக்கொண்டு அம்மாவைக் கைது செய்வதால் பையனுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.

பிரார்த்தனைக் கூடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் கட்டிவைக்கிறார்களே, அங்கே மருந்தைக் கொண்டுபோனால் சங்கிலி தானாகப் போய்விடாதா?

கானாவில் இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரார்த்தனை முகாமில் இருந்த 139 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிரார்த்தனையோடு மனநல மருந்தும் கொடுத்தார்கள், ஆறு வாரம். 2018-இல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்தன. சங்கிலியில் கழித்த நாட்கள் குறையவில்லை.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நோய் குறைந்தால் கட்டு தளரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அந்த முகாமில் சங்கிலி நோயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை போலும். வழக்கத்தையும், நோன்பு ஒழுங்கையும், ஆள் ஓடிப்போனால் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அப்படியானால் மருந்தோடு சேர்த்து அந்தப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அவர்களை விரோதியாக்கிக்கொண்டு போனால் நம் வேலை வாசலிலேயே நின்றுவிடும்.

அவிழ்த்தாலும் மறுபடி கட்டத்தானே போகிறார்கள்?

சீனாவில் 2004-இல் தொடங்கிய ‘686 திட்டம்’ வீடுகளில் கட்டப்பட்டும் பூட்டப்பட்டும் இருந்தவர்களை விடுவித்து, இலவச மருந்தும் தொடர்ந்து வந்து பார்க்கும் ஆளும் கொடுத்தது. முதலில் ஒதுக்கிய தொகை 68.6 லட்சம் யுவான், பெயர் அதிலிருந்து வந்தது. பிறகு அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தபோது 92 சதவீதம் பேர் கட்டில்லாமல்தான் இருந்தார்கள். பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகள், அதுவும் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள். அவிழ்த்த ஆள் மறுமாதமும் வந்தார் என்பதுதான் அங்கே விஷயம்.

பல வருடமாகக் கட்டப்பட்டிருப்பவரை எப்படி அவிழ்ப்பது?

கேமரா இல்லாமல். இதைத்தான் முதலில் சொல்வேன். சங்கிலி அறுபடும் படம் எடுக்க வருகிறவர்கள் அடுத்த மாத மருந்துக்கு வருவதில்லை.

உடம்பைப் பார்க்க வேண்டும். குந்தியே இருந்தவருக்கு முழங்கால் மடங்கியபடியே இறுகியிருக்கும், தொடைச் சதை கரைந்திருக்கும், எழுந்து நிற்கச் சொன்னால் விழுவார். இரும்பு உரசிய இடத்தில் புண், ரத்தசோகை, சில சமயம் காசநோய். ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டால் அதுவே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். மாத்திரை சரியாக வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் யார் கூட இருப்பார்கள், ராத்திரி யார், கைமீறினால் எந்த எண்ணுக்குப் போன் பண்ணுவது என்பது அவிழ்ப்பதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அவரிடமும் சொல்ல வேண்டும். ‘இப்போது கழற்றப் போகிறோம், சரியா?’ அபத்தமாகத் தோன்றும். பத்து வருடமாக அவரிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருவர் கழற்றிய பிறகும் இரண்டு நாள் அந்தச் சங்கிலி எட்டும் தூரத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

முழுத் தடையா, கடைசி வழியாக அனுமதியா? உங்கள் கருத்து என்ன?

ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்புச் சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஹுவான் மெண்டெஸ் 2013-இல் முழுத் தடையைக் கோரினார். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் அந்தத் திசையில்தான் நிற்கிறது. பல மனநல மருத்துவர்கள், ஒருவர் தன் கண்ணைத் தோண்டப் போகும் அந்த நிமிடத்துக்கு என்ன பதில் என்று கேட்கிறார்கள். நான் அந்த நிமிடத்தில் இருந்திருக்கிறேன். கையைப் பிடித்துத் தடுத்தேன், இனியும் தடுப்பேன். ஆனால் பிடித்த கையை விட்டுவிட முடியும். வாரை மாட்டிவிட்டு நான் சாப்பிடப் போய்விடலாம். அந்த வித்தியாசத்தால் வாரும் சங்கிலியும் முழுக்கப் போக வேண்டும் என்ற பக்கம்தான் நான். ‘கடைசி வழி’ என்று எழுதிவைத்த வார்டுகளில் அது மதியத்துக்குள் இரண்டாவது வழியாக மாறுவதைப் பார்த்தாயிற்று.

கட்டப்பட்டவரிடம் பிறகு அதைப் பற்றிப் பேசலாமா? பழசைக் கிளறுவதாகாதா?

பேசுங்கள். அவர் மறந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். ‘அன்றைக்கு என்ன செய்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது?’ என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை நோய் கூடினால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்.

நான் கட்டியவர்களில் ஒருவரிடம் டிஸ்சார்ஜ் அன்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன், தட்டுத்தடுமாறி. அவர் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. ‘மூக்கு அரிச்சுது சிஸ்டர். ரெண்டு மணி நேரம். கூப்பிட்டேன், யாரும் வரலை’ என்றார்.

அவருடைய தாளில் முதல் வரியாக அதை எழுதிவைத்தோம்: கூப்பிட்டால் வர வேண்டும்.